பாரி செய்தது பேப்பர் வெயிட்டா?

கேள்வி – 3 பிப்ரவரி 2024

அந்துவான்-லூயி பாரி என்ற பிரெஞ்சுச் சிற்பியை எதற்கு இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறார்கள் என்று புரியவில்லை. சிங்கம், புலி, மான், ஆமை என்று மேசை மேல் வைக்கும் வெண்கலப் பொம்மைகள். ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட வார்ப்புகள். அன்றைக்கே பாரிஸ் சலோன் என்ற அரசுக் கலைக் கண்காட்சியின் நடுவர்கள் இவருடைய வேலையைப் பேப்பர் வெயிட் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இதில் எது அசல், எது நகல்? அசல் என்று ஒன்றைக் காட்ட முடியாதவரைச் சிற்பி என்பதா, வியாபாரி என்பதா?

4 பிப்ரவரி, காலை

பேப்பர் வெயிட் கதை உண்மைதான். ஆனால் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்று தெரிந்தால் சிரிப்பு வரும்.

1834-ல் ஆர்லெயான் பிரபு, அதாவது அரசர் லூயி-ஃபிலிப்பின் மூத்த மகன், தன் விருந்து மேசைக்கு ஓர் அலங்காரத் தொகுதி வேண்டும் என்றார். மொத்தம் ஒன்பது சிற்பக் குழுக்கள். ஐந்து வேட்டைக் காட்சி, நான்கு விலங்குச் சண்டை. நடுவில் நிற்க வேண்டிய புலி வேட்டை மட்டுமே இரண்டடிக்கு மேல் உயரம்: ஒரு யானை, அதன் மேல் ஆட்கள், பாய்ந்து ஏறும் புலிகள். இதைக் காகிதத்தின் மேல் வைத்தால் காகிதம் பறக்காதுதான், மேசை தாங்குமா என்பதுதான் சந்தேகம். 1837 சலோனுக்கு இவை போனபோது, இது சிற்பம் இல்லை, பொற்கொல்லர் வேலை என்று நடுவர்கள் தள்ளிவிட்டார்கள். மகன் அப்பாவிடம் முறையிட்டாராம். "நடுவர் குழுவை நான்தான் உண்டாக்கினேன், அதற்காக நல்ல வேலையை ஏற்கும்படி அவர்களை வற்புறுத்த முடியுமா?" என்கிற மாதிரி அரசர் சொன்னதாகக் கதை. பாரி அதற்குப் பிறகு 1850 வரை சலோன் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

நான் கலை படித்தவன் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் 31 வருடம் பம்ப் பாடி வார்த்தவன். அதனால்தான் அசல்-நகல் கேள்வி என்னை உறுத்துகிறது. பேட்டர்ன் (அச்செடுக்க மணலில் பதிக்கும் மாதிரி உரு) ஒன்று, வார்ப்பு ஆயிரம் என்பது எங்களுக்கு அன்றாடச் சோறு.

4 பிப்ரவரி, இரவு

பெயரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் கிட்டத்தட்ட 'பாரி'தான். பாரிஸ் நகரத்தையும் அவர்கள் கடைசி எழுத்தை விழுங்கி 'பாரி' என்றே சொல்வார்கள். ஊருக்கும் ஆளுக்கும் முதல் எழுத்தின் ஒலி வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. பாரியில் பிறந்த பாரி. 'பரி' என்று குறுக்கினால் குதிரை. குதிரையும் செய்திருக்கிறார், 'துருக்கிக் குதிரை' பிரபலம். முல்லைக்குத் தேர் கொடுத்தவரோடு மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் கொடுத்தவர் இல்லை, கடன் வாங்கி நொடித்தவர். அந்தக் கதை பின்னால் வருகிறது.

7 பிப்ரவரி

பொற்கொல்லர் வேலை என்று நடுவர்கள் சொன்னது வசையாக இருக்கலாம், ஆனால் தப்பில்லை. பாரி 1795-ல் ஒரு பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே உலோகத்தில் செதுக்கும் ஒருவரிடம் வேலைக்கு விட்டார்கள். அப்புறம் நெப்போலியனுக்கே பொற்கொல்லராக இருந்த பியென்னேயிடம். 1812-ல் பட்டாளத்துக்குப் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்து சிற்பி பொசியோவிடமும் ஓவியர் குரோவிடமும் பாடம். 1818-ல் அரசு கலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. 1820-ல் காயீன் சிலைக்கு இரண்டாம் பரிசு. ரோமுக்கு அனுப்பும் முதல் பரிசு மட்டும் எத்தனை முறை முயன்றும் வரவில்லை. 1823-லிருந்து 1831 வரை ஃபோகோனியே என்ற பொற்கொல்லரின் பட்டறையில் சின்னச் சின்ன விலங்கு மாதிரிகள் செய்து வயிற்றைக் கழுவினார்.

என் கணக்கில் அந்த எட்டு வருடம்தான் அவரைச் செய்தது. ரோமுக்குப் போயிருந்தால் இன்னொரு அப்போலோ, இன்னொரு வீனஸ் செய்திருப்பார். போகாததால் ழார்தான் தெ ப்லாண்ட் தோட்டத்து மிருகக்காட்சிக்குப் போனார். கூட்டாளி யார் தெரியுமா? ஓவியர் தெலாக்ருவா. 1820-களின் கடைசியில் அங்கே ஒரு சிங்கம் செத்தது. தெலாக்ருவா பாரிக்குச் சீட்டு எழுதினார்: சிங்கம் செத்துவிட்டது, நாலுகால் பாய்ச்சலில் வா, காத்திருக்கிறேன். வெயில் காலத்தில் பிணம் நாறுவதற்குள் தோலுரித்து வரைய வேண்டும் அல்லவா. பாரி வரைந்ததோடு நிற்கவில்லை. தோள் எலும்பிலிருந்து முழங்கால் எவ்வளவு, மண்டையின் அகலம் எவ்வளவு என்று அளந்து அளந்து எழுதிவைத்தார். அளவு எழுதிய அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றை நகலில் பார்த்தபோது எனக்கு எங்கள் பேட்டர்ன் ஷாப் டிராயிங் ஞாபகம் வந்தது. கலைஞனின் கிறுக்கல் மாதிரியே இல்லை.

9 பிப்ரவரி

மகள் பாரிஸில் இருக்கிறாள். போன வருடம் இரண்டு மாதம் அங்கே இருந்தேன். முதல் வாரம் குளிருக்குப் பயந்து வீட்டிலேயே கிடந்தேன். இரண்டாவது வாரம் மாப்பிள்ளை லூவ்ருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்து, "நீங்க போய்ட்டு வாங்க மாமா, எனக்கு ஆபீஸ்" என்று கழன்றுகொண்டார். மோனாலிசா முன்னால் நம்மூர்த் தேர்க் கூட்டம். திரும்பி நடந்து ரிஷெலியூ பக்கம் போனேன். அங்கே ஈ காக்கை இல்லை. சிங்கம் ஒன்று பாம்பை மிதித்துக்கொண்டு இருந்தது.

135 சென்டிமீட்டர் உயரம், 178 நீளம். பாரி 1833 சலோனில் பிளாஸ்டரில் காட்டியது. வெண்கலத்தில் வார்த்து 1836-ல் துய்லரி பூங்காவில் வைத்தார்கள். பிற்பாடு லூவ்ருக்கு வந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தேன். பாம்பை அழுத்தும் பாதம் பரந்து, விரல்கள் விலகி, நகம் உறையை விட்டு வெளியே வந்திருக்கிறது. ஈரத் துணியைப் பிழியும்போது நம் விரல் கணு எப்படிப் புடைக்கும், அந்தப் புடைப்பு. மூக்கின் பக்கத்துத் தோல் மூன்று நான்கு மடிப்பாகச் சுருங்கி இருக்கிறது. அருவருப்பு. சிங்கத்துக்குப் பாம்பின் மேல் கோபம் இல்லை, அருவருப்புதான். இத்தனை நாளும் சிங்கச் சிலை என்றால் கம்பீரம் என்றே பார்த்துப் பழகிய எனக்கு இது புதுசு.

அப்புறம் பழக்க தோஷம். பார்ட்டிங் லைன், அதாவது அச்சின் பாகங்கள் சேர்ந்த கோடு, எங்கே என்று தேட ஆரம்பித்தேன். இவ்வளவு பெரிய உருப்படியைத் துண்டு துண்டாக மணலில் வார்த்துத்தானே இணைத்திருப்பார்கள். கழுத்தில் இல்லை, தொடையில் இல்லை. குனிந்து வயிற்றுக்கு அடியில் பார்த்தேன். காவலர் வந்து தொண்டையைக் கனைத்தார். இணைப்பை இவ்வளவு சுத்தமாக மறைத்த ஃபெட்லிங் ஆளுக்கு, வார்ப்பின் பிசிறை வெட்டித் தேய்த்துச் சீர் செய்கிறவருக்கு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

10 பிப்ரவரி

நேற்று எழுதியது தப்பு. இணைப்பு இருந்தால்தானே தெரிவதற்கு. அந்தச் சிங்கம் மணல் வார்ப்பே இல்லை. மெழுகு வார்ப்பு. ஓனோரே கோனோன் என்பவர் ஒரே ஊற்றில் வார்த்தது. பிரான்சில் அந்தக் காலத்தில் எல்லாரும் மணலுக்குப் போய்விட்டார்கள். கைவிட்டுப் போயிருந்த மெழுகு முறையைத் திரும்ப நிலைநிறுத்தியவர்களில் கோனோன் முக்கியமானவர். கும்பிடு அவருக்குப் போய்ச் சேரட்டும்.

இதன் கனம் தொழில் தெரியாதவர்களுக்குச் சட்டென்று புரியாது. மெழுகில் உருவம், அதன் மேல் களிமண் கலவை, சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்தக் காலி இடத்தில் வெண்கலம். ஆறியதும் மேல்கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். வார்ப்பு தவறினால் மெழுகும் இல்லை, மோல்டும் இல்லை, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சுவாமிமலையில் கை அகலச் சிலைக்கே ஊற்றும்போது யாரும் பேசமாட்டார்கள். இது நெஞ்சளவு உயரச் சிங்கம். ரன்னர் (உலோகம் ஓடும் வழி), ரைசர் (சுருக்கத்தை ஈடுகட்ட உலோகம் தேங்கும் இடம்), காற்றுப் போகும் துளை எல்லாம் எங்கெங்கே வைத்தார்களோ, நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

துய்லரியில் அதை வைத்தபோது, பூங்காவை மிருகக்காட்சி ஆக்கிவிட்டார்கள், கூண்டு மட்டும்தான் பாக்கி என்று கிண்டல் செய்தார்களாம். கும்பிடு ஒரு பக்கம், கிண்டல் ஒரு பக்கம், எல்லா ஊரிலும் இதேதான்.

10 பிப்ரவரி, பின்சேர்க்கை

அரசர் ஏன் அதை வாங்கினார் என்று கேட்டவருக்கு: 1830 ஜூலை 27, 28, 29 மூன்று நாள் புரட்சியில் வந்த அரசு அது. ஜூலை கடைசியில் சூரியன் சிம்ம ராசியில். சிங்கம் என்றால் ஜூலை, பாம்பு என்றால் தோற்ற பழைய ஆட்சி என்று படித்துக்கொள்ளலாம். பஸ்தீல் சதுக்கத்தில் நிற்கும் ஜூலைத் தூணின் அடிப்பீடத்திலும் நடக்கும் சிங்கம் ஒன்று புடைப்பாக இருக்கிறது, அதுவும் பாரியுடையதுதான். பேருந்தில் போனால்கூடத் தெரியும். ராசி பலன் பார்ப்பது நமக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

15 பிப்ரவரி

சரி, இப்போது என் புலி.

ஊர் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு பழைய சாமான் சந்தைக்குப் போனோம். பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளுக்கு நடுவில் நடக்கும் புலி ஒன்று நின்றது. பச்சை கலந்த பழுப்பு, நாற்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், பீடத்தில் பாரியின் பெயர். விற்பவர் பழைய வார்ப்பு என்று சத்தியம் செய்யாத குறை. மகள், "வேண்டாம்ப்பா, ஃப்ளைட்ல வெயிட் போட முடியாது" என்றாள். நான் என் இரண்டு ஸ்வெட்டரையும் எடுத்து வெளியே வைத்துவிட்டுப் புலியை வைத்தேன்.

வீட்டுக்கு வந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். 'நடக்கும் புலி' பாரியின் அசல் மாதிரிகளில் ஒன்று, அதன் அளவு ஏலப் பட்டியல்களில் வருகிறது. என்னுடையது நீளத்தில் ஆறு மில்லிமீட்டர் குறைவு. உயரத்திலும் அதே விகிதத்தில் குறைவு. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. வெண்கலம் ஆறும்போது சுருங்கும், நூற்றுக்கு ஒன்றரை போல. பேட்டர்ன் செய்கிறவன் இதற்காகவே ஷ்ரிங்கேஜ் ஸ்கேல் வைத்திருப்பான், கோடுகள் கொஞ்சம் விலகி இருக்கும். அசலையே பேட்டர்னாக வைத்து மணலில் பதித்து வார்த்தால் வருவது அசலைவிட ஒன்றரை சதவீதம் சின்னது. நாற்பது சென்டிமீட்டருக்கு ஆறு மில்லிமீட்டர். யாரோ ஒருவர் ஒரு நல்ல பாரியை வாங்கி, அதையே அச்சாக்கி வார்த்திருக்கிறார். வார்ப்பிலிருந்து எடுத்த வார்ப்பு. சுருக்கமாகச் சொன்னால், திருட்டு.

வாங்கிய விலையை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

16 பிப்ரவரி

ஒருவர் மடக்கிவிட்டார். பாரியே தன் உருவங்களைப் பல அளவில் விற்றாரே, சின்னதாக இருந்தால் உடனே போலியா என்று. நியாயமான கேள்வி. அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

அசீல் கொலா என்பவர் 1830-களில் சிலையை அளவு குறைத்துப் பிரதி எடுக்கும் ஓர் இயந்திரம் செய்தார். ஒரு முனை பெரிய சிலையின் மேல் ஊர்ந்துகொண்டே போகும், மறுமுனை சின்னக் கட்டியில் அதையே செதுக்கும். ஃபெர்தினான் பார்பெதியென் என்ற வார்ப்புக்காரர் அவரோடு சேர்ந்து இந்த வழியில் பெரிய தொழிலே நடத்தினார். பாரியின் பாம்புச் சிங்கத்துக்கும் முறையான சின்ன அளவுகள் உண்டு. ஆக, சிறிது என்பதே குற்றம் இல்லை.

ஆனால் அளவு குறைக்கிறவர்கள் பாதியாக, மூன்றில் ஒன்றாகக் குறைப்பார்கள். ஒன்றரை சதவீதம் குறைக்க இயந்திரம் வேண்டாம், ஆறவிட்டால் போதும். என் புலியின் விஷயத்தில் தீர்ப்பு மாறவில்லை. இன்னொரு சாட்சியும் இருக்கிறது. முன்னங்கால் மேல் ரோமக் கோடுகள் சோப்புக்கட்டி கரைந்த மாதிரி மழுங்கி இருக்கின்றன. பெயரின் கடைசி இரண்டு எழுத்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. மணல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மறந்துவிடும்.

20 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் இன்னும் திருப்தியாகவில்லை. எது அசல் என்றுதான் கேட்டேன், உங்கள் புலிக்கதை எதற்கு என்கிறார். வருகிறேன்.

பாரி வேட்டைக் குழுக்களையும் பாம்புச் சிங்கத்தையும் மெழுகில் வார்க்கக் கொடுத்தார். அதற்குப் பெரிய ஆட்களின் பணம் வேண்டும். சலோன் கதவு மூடிய பிறகு, தானே செய்து தானே விற்பது என்று இறங்கினார். அதற்கு மணல்தான் வழி. பாரிஸ் பவுண்டரிகளுக்கு ஃபோந்தனே-ஒ-ரோஸ் மணல் பேர் போனது. மஞ்சள், நைசானது, களிப்பிடிப்பு உள்ளது, விரல் ரேகை வைத்தால்கூட அப்படியே நிற்கும்.

மணல் வார்ப்புக்கு பாரி செய்த வேலை இதுதான். முதலில் பிளாஸ்டர் மாதிரி. அதிலிருந்து வெண்கலத்தில் ஒரு தாய் வார்ப்பு. அந்தத் தாய் வார்ப்பை உளி வைத்து அவரே ரோமம் ரோமமாகச் சீர் செய்வார். கால், வால் எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும்படி, முளை வைத்துப் பொருத்தும்படி இருக்கும். விற்பனைக்குப் போகிற ஒவ்வொரு பிரதியும் இந்தத் தாய் வார்ப்பை மணலில் பதித்து எடுத்தது. சுருக்கத்தையும் அவர் முன்கூட்டியே கணக்கில் வைத்திருப்பார். எங்கள் பேச்சில் மாஸ்டர் பேட்டர்ன்.

பிளாஸ்டரா, தாய் வார்ப்பா, முதல் பிரதியா? என்னைக் கேட்டால் தாய் வார்ப்புதான் அசல் என்பேன். சிற்பியின் உளி கடைசியாகத் தொட்டது அது. இத்தனைக்கும் அது விற்கவே செய்ததில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் போக வேண்டிய பொருள் மணலில் புரண்டுகொண்டு கிடந்தது.

தொடக்க கால வார்ப்புகள் சிலவற்றில் பாரி எண் போட்டுத் தன் பெயரை முத்திரையாக அடித்திருக்கிறார். அச்சுப் புத்தகத்துக்கு முதல் பதிப்பு என்று போடுகிற மாதிரி. ஒரே உருவத்தின் எத்தனையாவது பிரதி இது என்று சிற்பியே கணக்கு வைத்தது அப்போது புதுசு. எல்லாவற்றிலும் தொடர்ந்து செய்யவில்லை. அவருக்குக் கணக்கு வராது என்று தோன்றுகிறது, அடுத்த குறிப்பில் பாருங்கள்.

21 பிப்ரவரி

1845-ல் எமில் மார்த்தான் என்ற வார்ப்புக்காரரோடு கூட்டு. 1848-ல் புரட்சி வந்தது. ஊரில் சோற்றுக்கே அடித்துக்கொள்ளும்போது வெண்கலப் புலி யார் வாங்குவார்கள்? பாரி திவால். தாய் வார்ப்புகள் எல்லாம் கடனுக்கு ஈடாகக் கைமாறின. 1857 வாக்கில்தான் அவற்றின் மேல் அவருக்குத் திரும்ப உரிமை வந்தது. இடைப்பட்ட ஒன்பது வருடமும் அவருடைய பெயரில், அவருடைய பேட்டர்னில், அவர் கைப் படாத சரக்கு கடைகளில் விற்றது.

நேற்று 'தாய் வார்ப்புதான் அசல்' என்று அடித்துச் சொன்னேன். அப்படியென்றால் இந்த ஒன்பது வருடச் சரக்கும் அசலின் நேர் பிள்ளைகள்தானே? ஆனால் சேகரிக்கிறவர்கள் இவற்றைப் பாரியே முடித்துக் கொடுத்தவற்றுக்கு ஒரு படி கீழேதான் வைக்கிறார்கள். ஏன் என்று இரவெல்லாம் யோசித்தேன். பதில் எங்கள் பவுண்டரியிலேயே இருந்தது. ஒரே பேட்டர்னில் இரண்டு ஷிஃப்ட் வார்ப்போம். பழைய மோல்டர் ஒருவர் இருந்தார், இன்ஸ்பெக்‌ஷனில் உருப்படியைத் தடவிப் பார்த்தே, "ஏனுங்க, இது நைட் ஷிஃப்ட்டுங்களா?" என்று கேட்பார். பத்தில் எட்டு தடவை சரியாக இருக்கும். பேட்டர்ன் ஒன்று, மணல் ஒன்று, உலோகம் ஒன்று. ஃபெட்லிங்கும் பொறுமையும்தான் வேறு.

பாரி தன் பட்டறை வார்ப்பில் கடைசிக் கை வைப்பார். பின்னல் வேலை மாதிரி உளி, அப்புறம் அமிலமும் சூடும் வைத்து நிறம் ஏற்றுவது. அவருடைய பச்சைக்கு அவ்வளவு பேர். இலைப்பச்சை இல்லை, குளத்துப் படித்துறைப் பச்சை. பள்ளத்தில் பச்சை தங்கி மேட்டில் பழுப்பு தெரியும், அதனால் தசை உருண்டு வருகிற மாதிரி இருக்கும். இதைப் பேட்டர்னில் வைக்க முடியாது.

எனவே நேற்றுச் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

25 பிப்ரவரி

யானை பற்றி எழுத மறந்தேன்.

பாரி இந்தியாவுக்கும் வரவில்லை, ஆப்பிரிக்காவுக்கும் போகவில்லை. தெலாக்ருவாவாவது 1832-ல் மொராக்கோ போய் வந்தார். இவருக்குக் காடு என்றால் மிருகக்காட்சி, அருங்காட்சியகத்து எலும்புக்கூடு, பாரிஸ் பக்கத்து ஃபோந்தென்ப்ளோ காடு. ஆனாலும் செனகல் யானை தனி, கொச்சின்சீனா (இன்றைய தெற்கு வியட்நாம்) யானை தனி என்று இரண்டு செய்தார். ஆப்பிரிக்க யானைக்குக் காது முறம், நம் பக்கத்து யானைக்குச் சின்னக் காது. இன்றைக்கும் சில சினிமா போஸ்டரில் இதைத் தப்பு செய்கிறார்கள்.

ஆர்லெயான் பிரபுவின் புலி வேட்டையில் யானை மேல் இருப்பவர்கள் இந்தியர்கள். மற்ற நான்கும்: அரபிகள் சிங்க வேட்டை, ஸ்பானியர்கள் காளை, ஜெர்மானியர்கள் கரடி, தார்த்தாரியர்கள் எல்க் மான். ஐந்து மேசை அலங்காரத்தில் உலகத்தையே சுற்றிவிட்டார்கள், ஒருவரும் வீட்டை விட்டு நகராமல். இந்தியர்களின் தலைப்பாகையைப் பார்த்தால் பாரிஸ் நாடகக் கொட்டகை வாடை அடிக்கிறது. புலி மட்டும் புலி.

1831 சலோனில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததும் நம் பக்கத்து உருப்படிதான்: கங்கைச் சொம்புமூக்கு முதலையைத் தின்னும் புலி. இரண்டாம் தரப் பதக்கம் கிடைத்தது. புலி பதுங்கிய வாக்கில் அமுக்கிப் பிடித்திருக்கிறது, தலை முழுக்கச் சதைக்குள் புதைந்திருக்கிறது. முதலை வளைந்து வாயைப் பிளக்கிறது. எனக்கு ஒரு குறை உண்டு. அந்த முதலை மீன் தின்கிற சாது. புலிக்கு முன்னால் அது ரொம்பச் சின்னதாக வேறு இருக்கிறது. சதுப்பு முதலையாக இருந்தால் சண்டை சமமாக இருந்திருக்கும். மகளிடம் சொன்னேன். "அப்பா, அது சண்டை இல்ல, சாப்பாடு" என்றாள். தலைப்பிலேயே 'தின்னும்' என்றுதான் இருக்கிறது. சரி.

பிரபு 1842-ல் வண்டியிலிருந்து விழுந்து செத்தார். 1853-ல் தொகுதி ஏலத்துக்குப் போய்ச் சிதறியது. ஐந்து வேட்டைகளும் இன்று அமெரிக்காவில், பால்டிமோர் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒன்றாக இருக்கின்றன.

2 மார்ச்

7-ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், ழார்தான் தெ ப்லாண்டில் நிற்கும் கரடிச் சிலை பாரியுடையதா என்று கேட்டு, நான் ஆமாம் என்று பதிலும் போட்டுவிட்டேன். இல்லை. அது எமானுவேல் ஃப்ரெமியே செய்தது. கரடிக்குட்டியைத் திருடிய வேட்டைக்காரனைத் தாய்க்கரடி இறுக்கிப் பிடித்திருக்கும். பேத்தி அதைப் பார்த்து, "தாத்தா, கரடி மேல தப்பில்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். பாரிஸ் நடுவில் தங்க முலாமோடு குதிரையில் நிற்கும் ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) சிலையும் ஃப்ரெமியேதான்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. பாரி 1854-லிருந்து அந்தத் தோட்டத்து அருங்காட்சியகத்தில் விலங்குகளை வரையச் சொல்லிக்கொடுத்தார். 1875-ல் அவர் இறந்ததும் அந்த இடத்துக்கு வந்தவர் ஃப்ரெமியே. பாரியிடம் 1860-களில் கொஞ்ச நாள் படித்த ஒரு பையன் பெயர் ரோடான், பிற்பாடு உலகப் புகழ் பெற்ற சிற்பி. ஆசிரியர் பேசவே மாட்டார், கோட்டு நைந்து பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருப்பார், அப்போது அவருடைய அருமை தெரியவில்லை என்று ரோடான் பிற்பாடு நினைத்துப் பார்த்திருக்கிறார். எனக்கும் பேட்டர்ன் கடையில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் ரிட்டயர் ஆன பிறகுதான் அவர் மரத்தில் விட்டிருந்த டேப்பர், அந்தச் சின்னச் சரிவு, எதற்கென்று புரிந்தது.

4 மார்ச்

கேள்விக்காரர்: "விலங்கு மட்டும்தானே செய்தார்?" இல்லை. லூவ்ர் கட்டடத்தின் மேலேயே போர், அமைதி, வலிமை, ஒழுங்கு என்று நான்கு கல் குழுக்கள். அஜாக்ஸியோவில் குதிரை மேல் நெப்போலியன். மதலேன் தேவாலயத்தில் புனித குளோதில்த். கிரேக்கக் கதையில் வரும் காளைத் தலை அரக்கன் மினோட்டாரை மடக்கும் வீரன் தீஸியஸ். இந்தத் தீஸியஸின் முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லை. காளைத் தலையன் திமிறுகிறான், இவன் ஆபீஸ் கோப்பில் கையெழுத்துப் போடுகிற முகத்தோடு கத்தியை ஓங்குகிறான். மனிதனைவிட மிருகத்துக்குத்தான் பாரி உயிரை வாரிக் கொடுத்தார் என்பது என் கட்சி. 'மிருகக்காட்சியின் மைக்கேலாஞ்சலோ' என்று எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே எழுதியது பாராட்டா குத்தலா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

9 மார்ச்

கடைசிக் காலம். 1868-ல், 72 வயதில், பிரெஞ்சுக் கலை அகாதெமி அவரைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்பு ஒரு தடவை தோற்கடித்திருந்தார்கள். 1873-ல் பால்டிமோர் வணிகர் வில்லியம் வால்டர்ஸ், வாஷிங்டனில் இருந்த கார்கரன் கலைக்கூடத்துக்காக, உங்கள் வெண்கலங்களில் ஒவ்வொன்றிலும் ஒன்று வேண்டும் என்று கேட்டார். சுமார் 120 உருப்படி. என் சொந்த நாடு எனக்கு இதைச் செய்யவில்லையே என்று கிழவர் கலங்கியதாகச் சொல்வார்கள். பேப்பர் வெயிட் என்றவர்களில் எத்தனை பேர் அப்போது உயிரோடு இருந்தார்களோ.

1875 ஜூன் 25-ல் இறந்தார். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவர் மனைவி வீட்டில் இருந்த வெண்கலங்களைத் தூசி தட்டிக்கொண்டே, உடம்பு தேறியதும் கையெழுத்தை இன்னும் தெளிவாகப் போடுங்கள் என்றாராம். கவலைப்படாதே, இருபது வருடத்தில் அதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார்கள் என்றாராம் இவர்.

1876-ல் பட்டறையே ஏலம். தாய் வார்ப்புகளில் பெரும்பகுதியை வாங்கியது பார்பெதியென். அதன் பிறகு பல பத்தாண்டு வார்த்துக்கொண்டே இருந்தார்கள். பார்பெதியென் பெயரும் சேர்ந்து பொறித்திருந்தால் அது பெரும்பாலும் பாரி செத்த பிறகு வந்தது. நல்ல வேலைதான், சில சமயம் பாரியின் காலத்துச் சரக்கைவிடச் சுத்தமாகவே இருக்கும். அந்தச் சுத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

சேன் நதித் தீவின் கிழக்கு முனையில் அவருக்கு 1894-ல் நினைவுச் சின்னம் வைத்தார்கள். செலவில் ஒரு பகுதி அமெரிக்காவில் திரட்டியது. இரண்டாம் உலகப்போரில் அதன் வெண்கலத்தைக் கழற்றி உருக்கிவிட்டார்கள். திவால், ஏலம், உலை. பேத்தியோடு அந்த முனைக்குப் போயிருக்கிறேன், அப்போது இது எனக்குத் தெரியாது. படகு பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

9 மார்ச், இரவு

என் புலி இப்போது கரண்ட் பில், வரி ரசீது எல்லாவற்றின் மேலும் நிற்கிறது. ஃபேன் ஐந்தில் ஓடினாலும் ஒரு தாள் அசையாது. கேள்விக்காரர் இதைத் தனக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது பாரி செய்தது இல்லை, பாரியைத் திருடியவன் செய்தது. நகலுக்கும் நகலாக இருந்தும் அந்தப் பின்னங்கால் எடுத்து வைக்கிற அழுத்தம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஒன்றரை சதவீதம் போனாலும் அது போகவில்லை.

10 மார்ச்

திருத்தம். பெயரின் கடைசி இரண்டு எழுத்து மழுங்கி இருக்கிறது என்று 16-ஆம் தேதி எழுதினேன். இன்று மருமகனின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கடைசி எழுத்து மட்டும்தான். அதற்கு முந்தையது தெளிவாகவே இருக்கிறது, அதன் மேல் அந்தச் சந்தையின் விலைச் சீட்டுப் பசை ஒட்டியிருந்தது.